இணைய வேகத்தை எட்டால் வகுத்துப் பாருங்கள்: புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி

புதிய நாட்டில் வீட்டுச் சாவி கைக்கு வந்தவுடன் நம்மில் பலர் முதலில் தேடுவது இணைய இணைப்பைத்தான். பெற்றோரின் முகம் பார்த்துப் பேசவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும், படிவங்களை நிரப்பவும் அது உடனே தேவைப்படுவதால், விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நீண்ட கால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விடுகிறோம். கையெழுத்திடுவதற்கு முன், அந்த எண்ணை நாம் அன்றாடம் புழங்கும் அளவுக்கு மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இணைப்பு நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. நம் கணினியும் கைபேசியும் கோப்பின் அளவை மெகாபைட்டில் காட்டுகின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கிலச் சுருக்கத்தில் சிறிய ‘பி’ பிட்டையும் பெரிய ‘பி’ பைட்டையும் குறிக்கும் என்பதால், எழுத்தின் அளவைக் கவனிக்காதவர் எட்டு மடங்கு ஏமாற்றம் அடைவார். நானும் அப்படித்தான் அடைந்தேன். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு வந்த முதல் நாள், ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்கியபோது திரையில் 11.3 என்ற எண்ணுக்கு மேல் ஏறவே இல்லை. பத்தில் ஒரு பங்குதான் தருகிறார்கள் என்று எண்ணித் தொலைபேசியில் முறையிட்டேன். இணைப்பில் குறை இல்லை என்ற பதில் எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

அந்தக் கணக்கை இங்கே முழுமையாகத் தருகிறேன். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். ஆனால் தரவு சிறு சிறு பொதிகளாகவே கம்பியில் செல்கிறது; ஒவ்வொரு பொதிக்கும் முகவரியும் சரிபார்ப்புக் குறிப்புகளும் சேர்வதால், வழக்கமான ஈதர்நெட் (கம்பிவழி வலையமைப்பு) இணைப்பில் 1538 பைட் இடத்தை அடைத்துக்கொண்டு செல்லும் பொதியில் நம் கோப்புக்கு உரியது 1460 பைட் மட்டுமே. எனவே 12.5 என்பது 11.9 அளவுக்கு இறங்குகிறது. அடுத்து, சில மென்பொருள்கள் ஒரு மெகாபைட்டைப் பத்து லட்சம் பைட்டாகக் கொள்ளாமல் 1024-ஐ 1024-ஆல் பெருக்கி வரும் 10,48,576 பைட்டாகக் கொள்கின்றன. அந்தக் கணக்கில் 11.9 என்பது 11.3 ஆகிவிடுகிறது. யாரும் எதையும் பிடித்து வைக்கவில்லை.

மனக்கணக்குக்கு நான் பத்தால்தான் வகுக்கிறேன்; வழியில் கழியும் பங்கும் அதில் ஏறக்குறைய அடங்கிவிடும். 50 மெகாபிட் என்றால் நொடிக்கு 5 மெகாபைட், ஒரு கிகாபிட் என்றால் 100 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

   

விளம்பரத்தின் பெரிய எண் பெரும்பாலும் பதிவிறக்கத்துக்கு உரியது. பதிவேற்ற வேகம் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். நம்மைப் போலத் தொலைவில் குடும்பத்தை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிறிய எண்தான் முக்கியம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். 5 கிகாபைட் காணொளி ஒன்றை 100 மெகாபிட்டில் இறக்க, கழிவைச் சேர்க்காமல், 400 நொடி, அதாவது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. அதையே 10 மெகாபிட்டில் ஏற்ற 4000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். அந்த நேரம் முழுவதும் பதிவேற்றப் பாதை நிரம்பியிருப்பதால், நீங்கள் காணொளி அழைப்பில் பேசினால் அம்மாவின் முகம் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். உங்கள் முகம் அவருக்கு உறைந்து நிற்கும்.

மாத வரம்பு உள்ள திட்டமாயின் இன்னொரு கணக்கும் வேண்டும். 1 மெகாபிட் வேகம் ஒரு மணி நேரம் இடைவிடாது ஓடினால் 450 மெகாபைட் செலவாகும்; 100 மெகாபிட்டில் அது 45 கிகாபைட். 200 கிகாபைட் வரம்பை முழு வேகத்தில் நாலரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடலாம். வரம்புக்குப் பின் வேகம் எவ்வளவு என்பதைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்: அது 1 மெகாபிட் என்றால், ஒரு கிகாபைட் கோப்பை இறக்க இரண்டே கால் மணி நேரம் ஆகும்.

வேகம் குறைவதாகத் தோன்றினால், முதலில் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரில் நேரடியாகக் கம்பியைச் செருகிச் சோதியுங்கள். சுவர்களும் பக்கத்து வீட்டு அலைகளும் விழுங்குவதை நிறுவனத்தின் கணக்கில் எழுத முடியாது. காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் வந்த எண்களை நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். முறையிடும்போது மெகாபைட்டில் சொல்லாமல், எட்டால் பெருக்கி மெகாபிட்டில் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவரிடம் உள்ள ஒப்பந்தத்தில் அந்த அளவுதான் எழுதியிருக்கும்.