சர்வாதிகாரம் என்று எங்கே எழுதலாம்?

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஒரு முறை பள்ளி வரலாற்றுக் கையேட்டில், ‘ரஷ்ய ஜாரின் தன்னாட்சி 1917-இல் முடிந்தது’ என்று வந்ததை அப்படியே விட்டுவிட்டேன். 200 பிரதியிலும் ராத்திரி உட்கார்ந்து துண்டுத்தாள் ஒட்டியது நான்தான்.

தன்னாட்சி என்றால் தன்னைத் தானே ஆள்வது. கோரிப்பாளையம் அமெரிக்கன் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டம், தேர்வு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பட்டம் தருவது காமராசர் பல்கலைக்கழகம். ஜார் ஆண்டது அடுத்தவரை, அதுவும் தன் இஷ்டத்துக்கு. அதற்குச் சொல் எதேச்சாதிகாரம். யதேச்சை என்றால் இச்சைப்படி. இன்று ‘யதேச்சையாகப் பார்த்தேன்’ என்று தற்செயலுக்குச் சொல்லிப் பழகிவிட்டதால் மூலப்பொருள் பலருக்குப் பிடிபடுவதில்லை. ‘எதேச்சதிகாரம்’ என்று குறிலோடும் எழுதுகிறார்கள்; நான் நெடில்தான் போடுவேன்.

சர்வம், அதிகாரம் இரண்டும் சேர்ந்தது சர்வாதிகாரம். கிரீடம் இல்லாமலே எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டவருக்கு இதைப் போடுங்கள். 1933 மார்ச்சில், நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடலாம் என்று அந்த நாடாளுமன்றத்திடமே வாங்கிக்கொண்டார் ஹிட்லர். பழைய ரோமின் சர்வாதிகாரி வேறு வகை: பெரும்பாலும் ஆபத்துக் காலத்துக்கு, வழக்கப்படி அதிகபட்சம் 6 மாதம். அங்கே ‘தற்காலிக’ என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் வம்பில்லை.

கொடுங்கோன்மையை இதோடு குழப்பக் கூடாது. கொடு என்றால் வளைவு. ஆள்பவர் ஒருவரா பலரா என்பது இங்கே பேச்சே இல்லை. கோல் நேராக இருக்கிறதா என்பதுதான். நம் பாண்டியன் சரியாக விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான், கோல் வளைந்தது. ஆனால் சிலம்போடு வாசலில் வந்து நின்றவளை உள்ளே விடச் சொன்னான், அவள் வழக்கைக் கேட்டான். அவனைச் சர்வாதிகாரி என்று எழுதினால் நான் அடித்துவிடுவேன்.

அப்புறம் சந்தி: சர்வாதிகாரப் போக்கு என்பதில் ‘ப்’ வரும், சர்வாதிகார ஆட்சி என்பதில் ஒற்று வராது.

போன வாரம் ஒருவர் போஸ்டருக்கு வாசகம் கொண்டுவந்தார்: ‘சர்வாதிகாரி ஒழிக!’ யாரென்று பார்த்தால் அவர்கள் தெருச் சங்கத் தலைவர். தண்ணீர் திறக்கும் நேரத்தை மாற்றிவிட்டாராம். அடுத்த கூட்டத்தில் நாலு பேர் கையைத் தூக்கினால் பதவி போய்விடும் மனிதர்!

“அண்ணே, ‘நாட்டாமை பண்ணாதே’ன்னு போடுங்க, போதும்” என்றேன்.

கேட்கவில்லை. சிவப்பு மையில் சர்வாதிகாரிதான் எடுப்பாக இருக்குமாம்.