கடலுக்குப் போனவரின் புள்ளி: கைபேசியில் இருப்பிடம் பகிர்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஓர் ஐப்பசி மாத இரவில், தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில், நாங்கள் ஐந்து பேர் ஒரு கைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வல்லம் என்னும் சிறு படகில் மீன்பிடிக்கப் போன மச்சான், கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் தம் நேரலை இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டுப் போயிருந்தார். குருசடைத் தீவுக்குத் தெற்கே அவருடைய முகம் போட்ட சிறு வட்டம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. எஞ்சின் நின்றுவிட்டதோ, வல்லம் கவிழ்ந்துவிட்டதோ என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். படத்தின் அடியில், கடைசியாகப் புதுப்பித்த நேரம் மாலை 6.40 என்று பொடி எழுத்தில் இருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு மச்சான் மீனோடு கரை திரும்பினார். 6.40க்குப் பிறகு அவர் டவர் எட்டும் தூரத்தைத் தாண்டியிருந்தார், நடந்தது அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து, நிறுத்தாமல் விட்டிருந்த கூகுள் மேப்ஸ் பகிர்வைப் பார்த்துவிட்டு, ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரம் என்ன வேலை என்று அக்கா அவரைக் கேட்டார். உண்மையில் அவர் இருந்தது அரை கிலோமீட்டர் தள்ளி, எஞ்சினின் பாகம் ஒன்றைச் சரிசெய்யக் கொடுத்த லேத் பட்டறையில். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த முறையிலிருந்து கடலுக்குப் போகும்போதும் பகிர்வதை நிறுத்திவிட்டார். காவலுக்கு வைத்த புள்ளியை விசாரணைக்கு எடுத்ததால் காவலும் இல்லாமல் போயிற்று. அந்த இழப்பு நம் கரையில் இன்னொரு வீட்டுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புள்ளியை எப்படி வாசிக்க வேண்டும்

கைபேசி தன் இடத்தை மூன்று வழிகளில் கணிக்கிறது. முதலாவது செயற்கைக்கோள். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் கோள்கள் அனுப்பும் நேரக் குறிப்புகளைக் கைபேசி வாங்கிக் கணக்கிடுகிறது. அது கோளுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. திறந்த வானத்தின் கீழ் இந்தக் கணக்கு ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாக அமையும். இரண்டாவது வழி, அருகிலுள்ள வைஃபை இணைப்புகளை அடையாளம் கண்டு கணிப்பது. மூன்றாவது டவர், அதன் பிழை நகரத்தில் சில நூறு மீட்டராகவும் கடற்கரையில் பல கிலோமீட்டராகவும் இருக்கக்கூடும்.

கைபேசி தன் இடத்தை அறிவது ஒன்று, அதை வீட்டுக்குத் தெரிவிப்பது வேறொன்று. நடுக்கடலில் மச்சானின் கைபேசிக்குத் தான் இருக்கும் இடம் மிகத் துல்லியமாகத் தெரியும், ஆனால் அதைக் கரைக்கு அனுப்ப டவர் வேண்டும். பழைய 2ஜி முறையில் ஒரு டவரின் எல்லை கோட்பாட்டளவில் 35 கிலோமீட்டர். நடைமுறையில் அதற்கு வெகு முன்பே சிக்னல் அறுந்துவிடும். ஆகையால் புள்ளியைப் பார்த்தவுடன் முதலில் வாசிக்க வேண்டியது நேரத்தை, அடுத்துப் பார்க்க வேண்டியது புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் விரியும் வட்டத்தை. வட்டம் பெரிதாக இருந்தால், ஆள் அதற்குள் எங்கேயோ இருக்கிறார் என்பதற்கு மேல் அந்தப் படத்துக்கு எதுவும் தெரியாது.

பாக் நீரிணைப் பக்கம் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடும். 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் வரைந்த எல்லைக் கோடு நம் கரைக்கு மிக அருகில் ஓடுகிறது; தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் சில வேளைகளில் கைபேசி இலங்கை டவரின் சிக்னலையே பிடித்துக்கொள்கிறது. அத்தகைய கணிப்பை வைத்துக்கொண்டு ஒருவர் எல்லை தாண்டினார் என்றோ தாண்டவில்லை என்றோ யாரும் முடிவுகட்டக் கூடாது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

பகிர்வை எப்போதும் போகிறவரே தம் கையால் தொடங்க வேண்டும். அவர் குளிக்கப் போன நேரத்தில் வீட்டிலிருப்பவர் அவருடைய கைபேசியில் தொடங்கிவைப்பது, எவ்வளவு அன்பினால் செய்தாலும், திருட்டுத்தனமே. வாட்ஸ்அப் உரையாடலில் இணைப்புக் குறியைத் தொட்டு, இருப்பிடத்தைத் தேர்ந்து, நேரலையைத் தொட்டால் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவுகள் கிடைக்கும். தானாகவே முடிந்துவிடுவதால் இதையே நான் பரிந்துரைக்கிறேன். கூகுள் மேப்ஸில் நிறுத்தும் வரை பகிர்வது என்ற தெரிவும் இருக்கிறது; பெரும்பாலான சண்டைகள் பிறப்பது அங்கேதான். எதற்காகப் பகிர்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது முடியும் என்ற மூன்றையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

காலையில் கிளம்பி மறுநாள் காலையில் திரும்பும் விசைப்படகுக்கு 8 மணி நேரப் பகிர்வு போதாது. போதினும் டவர் இல்லாத இடத்தில் அதனால் பயனில்லை. எனவே கிளம்பிய நேரம், போகும் திசை, கூடப் போகும் படகுகள், திரும்பும் நேரம், எத்தனை மணி வரை திரும்பாவிட்டால் கவலைப்பட வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கைபேசியில் வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்; எனினும் படகிலுள்ள ஜிபிஎஸ் கருவிக்கு அது மாற்றாகாது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற செய்திக் கருவி உங்கள் படகில் பொருத்தப்பட்டிருந்தால், டவர் எட்டாத தூரத்திலிருந்தும் ஆபத்துச் செய்தியை அனுப்பலாம். அதை அணைத்து வைக்காதீர்கள்.

சொன்ன நேரம் கடந்துவிட்டால் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கூடப் போன படகுகளை வாக்கிடாக்கியில் விசாரியுங்கள். பதில் இல்லையென்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழையுங்கள். புள்ளியைப் பற்றிச் சொல்லும்போது, இங்கே இருக்கிறார் என்று சொல்லாமல், இத்தனை மணிக்கு இங்கே இருந்தார் என்று சொல்லுங்கள். தேடுகிறவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட அந்த நேரம் மிக அவசியம்.

மீனவருக்கு இருப்பிடம் என்பது தொழில் ரகசியமும் ஆகும். கடலடிப் பார், அதாவது பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது, எந்தப் பாரில் எந்த மாதம் மீன் நிற்கும் என்பது தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் சொத்து. வல்லத்தில் வந்த பையன் ஒருவன் நண்பர்கள் குழுவில் நேரலை இருப்பிடத்தைப் போட்டாலோ, இடக்குறிப்போடு எடுத்த படத்தை அசல் கோப்பாகவே அனுப்பினாலோ, அந்தச் சொத்து ஒரே நாளில் ஊர்ப்பொதுவாகிவிடும். கேமரா அமைப்புகளில் இடக்குறிப்பைச் சேமிக்கும் தெரிவை அணைத்து வைப்பதைத் தொழிலின் ஒழுங்காகவே கொள்ள வேண்டும்.

யார் யாரைக் கேட்கலாம்

படகின் உரிமையாளரான சம்மாட்டிக்குத் தம் படகு எங்கே நிற்கிறது என்று அறிய முழு உரிமை உண்டு. ஆனால் படகில் பொருத்திய கருவி படகைக் காட்டுகிறது, தொழிலாளியின் சட்டைப்பையிலுள்ள கைபேசியோ மனிதரைக் காட்டுகிறது. கரையில் கால் வைத்த பிறகும் அவர் எந்த வீட்டுக்கு, எந்தக் கடைக்குப் போகிறார் என்று பார்ப்பதற்கு, முன்பணம் கொடுத்திருக்கிறோம் என்பது காரணமாகாது.

கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் தொண்டியிலும் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போரின் குடும்பங்கள் நிறைய. அங்கிருந்தபடி மனைவியின் கைபேசியை நாள் முழுவதும் கண்காணிப்பதைச் சிலர் பாசம் என்று நம்புகிறார்கள். இரு பக்கமும் ஒரே அளவு பகிராத ஏற்பாட்டில் பாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து நேரத்தில் மட்டும், அவர்களுக்குத் தெரிந்தே பகிர்வை வையுங்கள், வயது ஏற ஏறக் குறையுங்கள். நினைவு தவறத் தொடங்கிய பெரியவரிடம், புரிந்துகொள்ளும் தெளிவு இருக்கும்போதே, உட்கார்ந்து பேசிச் சம்மதம் பெறுங்கள்.

சட்டத்தின் நிலை இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் பிராங்க் வைட்டஸ் வழக்கில், பிணையில் வந்தவர் கூகுள் மேப்ஸில் தம் இடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையே அதே நீதிமன்றம் நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டு என்றால், குற்றமே செய்யாத மனைவியையும் மகளையும் ஓயாமல் பின்தொடர்வதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி, ஒரு பெண்ணின் இணைய, மின்னணுத் தொடர்புகளை ஆண் ஒருவர் கண்காணிப்பது பின்தொடர்தல் குற்றமாகும். முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

உங்கள் கைபேசியைச் சோதிக்கும் முறை

வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் நேரலை இருப்பிடம் என்ற வரி இருக்கும். யாருக்குப் பகிர்கிறீர்கள் என்பது அங்கே தெரியும். இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலையும் பாருங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு இருப்பிடப் பகிர்வைத் திறந்து பெயர்களைச் சரிபாருங்கள். பிறகு கைபேசி அமைப்புகளில் இருப்பிட அனுமதிகளுக்குப் போய், எந்நேரமும் அனுமதி பெற்ற செயலிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்தும்போது மட்டும் என்று மாற்றுங்கள். நீங்கள் நிறுவாத செயலிக்கு அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) அனுமதியோ சாதன நிர்வாகி அனுமதியோ இருந்தால், உளவுச் செயலியாக இருக்கலாம் என்று ஐயப்பட இடமுண்டு. பைக்குள் யாரோ போட்ட, இடத்தைக் காட்டிக்கொடுக்கும் புளூடூத் வில்லையைக் கண்டுபிடிக்க, பாதுகாப்பு அமைப்புகளில் அறியாத டிராக்கர் எச்சரிக்கை என்ற வசதி ஆண்ட்ராய்டிலேயே உண்டு.

வீட்டில் அடிக்கு அஞ்சி வாழும் பெண்கள் மட்டும் எதையும் உடனே நீக்கிவிட வேண்டாம். புள்ளி திடீரென மறைந்தால் கண்காணிப்பவர் சினம் கொண்டு வரக்கூடும், சாட்சியமும் அழிந்துபோகும். நம்பிக்கையான ஒருவரின் கைபேசியிலிருந்து பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழைத்துப் பேசி, எங்கே போவது என்று முடிவு செய்துகொண்ட பிறகு நீக்குங்கள்.

எண்ணை இட்டால் இடத்தைக் காட்டும் என்று விளம்பரம் செய்யும் இணையதளங்களை நம்பாதீர்கள். ஓர் எண்ணைப் பார்த்து, அது முதலில் எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தொலைத்தொடர்பு வட்டாரத்தில் ஒதுக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்ல முடியும்; டவர் விவரம் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இருக்கிறது, அதைக் கேட்டுப் பெறும் அதிகாரம் சட்டப்படி காவல் துறை போன்ற அமைப்புகளுக்கே உண்டு. அந்தத் தளங்கள் கேட்கும் பணமும் ஓடிபியும் உங்களுடையவை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

உங்கள் சொந்தக் கைபேசி தொலைந்துபோனால், கூகுள் கணக்கில் வேறொரு சாதனத்திலிருந்து நுழைந்து அதைத் தேடலாம், பூட்டலாம், அழிக்கலாம். புள்ளி காட்டும் வீட்டுக் கதவைத் தனியாகப் போய்த் தட்டாதீர்கள்; வட்டத்துக்குள் பத்து வீடு இருக்கும், ஒன்பது வீட்டார் நிரபராதிகள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த ரசீதோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், கைபேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைத் தடைசெய்யுங்கள். அந்த எண் தெரிய, கைபேசி கையில் இருக்கும் இன்றே *#06# என்று அடித்துப் பார்த்து, கடலுக்குப் போகும் விவரம் எழுதி வைக்கும் அதே தாளின் பின்புறத்தில் குறித்து வையுங்கள்.