கடலோர வீட்டுச் சமையலறைக்குக் கடப்பா கல் அலமாரி

தேவனாம்பட்டினம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: சமையல் மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடாதீர்கள். கடலூர்க் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே வருகிறது. கீல் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு உப்பிக்கொண்டு திறக்க வராது. உள்ளே புழுக்க வாடை அடிக்கும், கரப்பான் குடியேறும். மரம்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டும் 304 தர எவர்சில்வர் கீலும் கேட்டு வாங்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு பக்கமே போக வேண்டாம், தண்ணீர் பட்டால் ஊறி உதிர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் கடப்பா கல் தட்டுதான். இரண்டடிக்கு ஒரு நிற்கும் கல் கொடுத்தால் அரிசி, பருப்பு என்று எவ்வளவு கனம் ஏற்றினாலும் தாங்கும். அடித்தட்டைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தச் சொல்லுங்கள். துடைப்பம் உள்ளே போய்வர வேண்டும். கொத்தனார் விட்டால் எல்லாத் தட்டையும் சமமாகப் பிரித்துவிடுவார். அதற்கு விடாதீர்கள். உங்கள் குக்கர், இட்லிப் பானை, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் உயரத்தோடும் கை நுழைய இரண்டு அங்குலம் கூட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். டம்ளர், கிண்ணத்துக்கு ஏழு அங்குலத் தட்டு போதும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே அதே சுவரில் ஒரு தட்டு கூடுதலாகக் கிடைக்கும்.

மேடைக்கு மட்டும் கிரானைட் போடுங்கள். கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டால் பளபளப்பு போய் வெள்ளைத் திட்டு விழும்.

சிலிண்டரை மேடைக்கு அடியில் வைப்பதானால் அந்த இடமும் திறந்தே இருக்கட்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஏற்கெனவே கதவு இருக்கிற வீட்டில் அதன் அடியில் ஓட்டை போட்டு, வெளிச்சுவரிலும் தரையை ஒட்டி ஒரு ஜாலி வைத்துவிடுங்கள்.

கிரைண்டரைத் தூக்கி இறக்குகிற வேலையே வேண்டாம். நைலான் சக்கரம் வைத்த பலகையில் வைத்து அடித்தட்டுக்குள் தள்ளிவிடலாம். என் மாமியாருக்கு மூட்டுவலி. அவர் காலாலேயே இழுத்து எடுத்துக்கொள்கிறார்.

கல்லுப்புக்குப் பீங்கான் ஜாடி, அடுப்பின் ஆவி படாத மூலையில். பண்ருட்டி முந்திரியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். கடலூர் முதுநகரில் வாங்கும் கருவாட்டுக்குச் சமையலறையில் இடம் கொடுக்காதீர்கள். பின்கட்டு உத்தரத்தில் வலை அடித்த பெட்டியைத் தொங்கவிட்டால் காற்றும் படும், பூனையும் எட்டாது.

அப்புறம், பரண். அண்டா, பொங்கல் பானை எல்லாம் மேலேயே இருக்கட்டும். ஆனால் புயலுக்கு வேண்டிய சாமான் கைக்கு எட்டும் தட்டில்தான் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ என்ற புயல் அடித்த பிறகு இங்கே எத்தனையோ தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மிக்சி ஓடாது, மோட்டார் ஓடாது. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, டார்ச், அவல், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாவற்றையும் இறுக மூடும் ஒரே டப்பாவில் போட்டு, புரட்டாசி முடிவதற்குள் புதுசு மாற்றிவிடுங்கள். அம்மி இருந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடித்தட்டின் ஓரத்தில் அதற்கும் இடம் ஒதுக்கிக் கல்லை அளந்து வாங்குங்கள்.