‘இருக்க வீடு’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது

‘குடிக்கத் தண்ணீர்’, ‘போக அனுமதி’ என்று நாம் வினையெச்சத்தை (‘குடிக்க’, ‘போக’ போன்ற முற்றுப்பெறாத வினைச்சொல்லை) முன்னே வைப்பதை, ஆங்கிலம் பெயர்ச்சொல்லுக்குப் பின்னே ‘டு’ சேர்த்து, ‘வாட்டர் டு டிரிங்க்’, ‘பெர்மிஷன் டு கோ’ என்று சொல்கிறது. வரிசையை மாற்றினால் போதும் என்பதால் இதுவரை எளிதுதான்.

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் நான் அடிக்கடி திருத்துவது வேறொரு பிழையை. ‘இருக்க வீடு’ என்பதில் ‘வீட்டில்’ என்பதன் ‘இல்’ என்ற வேற்றுமை உருபு மறைந்தே நிற்பதால், பிள்ளைகள் ‘எ ஹவுஸ் டு லிவ்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அந்த ‘இல்’ கடைசியில் வெளிப்பட்டாக வேண்டும் என்பதால் ‘எ ஹவுஸ் டு லிவ் இன்’ என்பதே சரி. உட்கார நாற்காலி ‘எ சேர் டு சிட் ஆன்’. எழுதப் பேனா ‘எ பென் டு ரைட் வித்’. ஐயம் வந்தால் முழு வாக்கியமாக்கிப் பாருங்கள்: ‘பேனாவால் எழுதுகிறேன்’ என்பதில் ‘ஆல்’ வந்தால் ‘வித்’ வேண்டும், ‘தண்ணீரைக் குடிக்கிறேன்’ என்பதில் ‘ஐ’ மட்டுமே வருவதால் ஒன்றும் வேண்டாம்.

‘டிசைட் டு’ என்ற வினையிலிருந்து ‘டிசிஷன் டு’ வருவதுபோல், ‘ரெஃப்யூசல்’, ‘எபிலிட்டி’ ஆகியவையும் ‘டு’வை ஏற்கின்றன. ஆனால் ‘பாசிபிலிட்டி’ முரண்டு பிடிக்கும்; ‘பாசிபிள் டு கோ’ சரியென்றாலும், பெயர்ச்சொல்லான பின் ‘பாசிபிலிட்டி ஆஃப் கோயிங்’ என்றே எழுத வேண்டும். ‘ஹேபிட்’ என்ற சொல்லும் அப்படியே, ‘ஹேபிட் ஆஃப் ரீடிங்’ என்றுதான் வரும்.