குளூட்ஸ் என்றால் இடுப்பு அல்ல

“இடுப்பைத் தூக்குங்கள், குளூட்ஸை இறுக்குங்கள்.” மட்டக்களப்பில் ஒரு சிறிய உடற்பயிற்சி நிலையத்தில் முதல் நாள் என் காதில் விழுந்த கட்டளை இது. இடுப்பு என்றதும் நான் நாரியை, அதாவது கீழ்முதுகைத்தான் நினைத்தேன். மல்லாக்கப் படுத்தபடி முதுகை வில்லாக வளைத்துத் தூக்கினேன். மறுநாள் காலையில் கிணற்றடியில் குனிந்து வாளியை எடுக்க முடியவில்லை. ஒரு வாரம் நாரிப்பிடிப்பு. பயிற்சியில் பிழை இருக்கவில்லை. சொல் எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளூட்ஸ் என்பது பிட்டத் தசைகளுக்கு உடற்பயிற்சி செய்பவர்கள் வழங்கும் சுருக்கப் பெயர். மருத்துவப் பெயர் குளூட்டியஸ். பிட்டம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. கோதுமை மாவில் உள்ள குளூட்டனுக்கும் இதற்கும் உறவில்லை, குளுக்கோஸுக்கும் இல்லை. குளூட்ஸ் உள்ள சாப்பாட்டைக் குறைக்க வேண்டுமா என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரு பக்கத்துக்கு மூன்று தசைகள் இருக்கின்றன. பெரியது மேலே தெரிவது; உடலிலேயே மிகப் பெரிய தசை அதுதான். தொடையைப் பின்னால் தள்ளுவதும், குந்தியிருந்து எழும்போது உடலைத் தூக்குவதும் அதன் வேலை. நடுத்தசையும் சிறுதசையும் பக்கவாட்டில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்கம் சரிந்துவிடாமல் பிடிப்பவை இவையே. இவை பலவீனமானால் அந்த மறுபக்கம் தொங்கும். அந்த அறிகுறியை 1895இல் விவரித்த ஜெர்மன் அறுவை மருத்துவர் திரெண்டலன்பேர்க்கின் பெயராலேயே மருத்துவர்கள் அதை இன்றும் அழைக்கிறார்கள். பெரிய தசையை மட்டும் வளர்த்துவிட்டு இந்த இரண்டையும் மறந்துவிடுவது எங்கள் இளைஞர்களிடம் நான் அதிகம் காணும் தவறு. பக்கவாட்டில் படுத்து, மேற்காலை நேராக உயர்த்தி மெல்ல இறக்கினாலே இவற்றுக்கு வேலை கிடைக்கும்.

இனி அந்த இடுப்பு விடயம். தமிழில் இடுப்பு என்பது அகன்ற சொல். சாரம் கட்டுவதும் இடுப்பில், பிள்ளையைத் தூக்கி வைப்பதும் இடுப்பில், நோவதும் இடுப்பு. அதனால் பயிற்றுநர் “இடுப்பை உயர்த்து” என்றால் கேட்பவர் நாரியை வளைக்கிறார். கையை வைத்துப் பார்த்துவிடுங்கள். மல்லாக்கப் படுத்து முழங்கால்களை மடியுங்கள். குதிகால்கள் பிட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஒரு கையைப் பிட்டத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வயிற்றை இலேசாக இறுக்கி, குதிகாலால் தரையை அழுத்தி எழும்புங்கள். கையின் கீழ் தசை கல்லாக இறுக வேண்டும். நாரி இறுகினால் அளவுக்கு மேல் உயர்த்திவிட்டீர்கள் என்று பொருள். பின்தொடை சுண்டி இழுத்தால் பாதங்கள் தூரமாக இருக்கின்றன. கொஞ்சம் உள்ளே இழுங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே கோடு வந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

குந்தி எழும் பயிற்சியில் முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்வது இன்னொரு தவறு. பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ முழங்காலும் அந்தப் பக்கமே போக வேண்டும்.

மாலையில் கல்லடிப் பாலத்தில் நடக்கிறேனே, அது போதாதா என்று கேட்பவர்கள் பலர். இதயத்துக்கு அது மிக நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் எங்கள் ஊர் தட்டையான ஊர். மேடு இல்லை, ஏற்றம் இல்லை. சமதரையில் நடக்கும்போது பெரிய பிட்டத்தசைக்குப் பெரிதாக வேலை இருப்பதில்லை. படியேறும்போதும் ஓடும்போதும்தான் அது முழுமையாக உழைக்கிறது. மருதமுனைத் தறியில் அமர்ந்திருப்பவருக்கும் அலுவலகக் கதிரையில் அமர்ந்திருப்பவருக்கும் இது பொருந்தும். நாள் முழுவதும் இருந்தால் “குளூட்ஸ் தூங்கிவிடும்” என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். ஆரோக்கியமான தசை அப்படி அணைந்துவிடாது. வேலை கொடுக்காவிட்டால் பலம் குறையும், அவ்வளவுதான்.

பிட்டத்தில் தொடங்கி காலின் கீழ்வரை மின்னல்போல் ஓடும் நோவை மட்டும் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். உடலின் மிகத் தடித்த நரம்பு இந்தத் தசையின் கீழால்தான் போகிறது. காலில் மரத்துப்போதலோ பலக்குறைவோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இது பெண்கள் அழகுக்காகச் செய்வது என்று ஒதுங்கும் ஆண்களும், வெட்கப்பட்டுக் கேட்காமலே விடும் பெண்களும் எங்கள் பக்கம் நிறைய. பிட்டம் என்பது நல்ல தமிழ்ச் சொல், தயங்காமல் சொல்லலாம். என் அம்மா கதிரையின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டுதான் எழும்புவார். கதிரையைச் சுவரோடு ஒட்டிவைத்து, “அம்மா, கையால் தள்ளாமல் பிட்டத்தை இறுக்கி எழும்புங்கள்” என்றேன். முதல் வாரம் ஐந்து தடவை, பிறகு பத்து. இப்போது காலைத் தேநீருக்கு முன் தானாகவே செய்துவிடுகிறார்.