கையில் கட்டிய பேண்ட் யாருக்கு வேலை செய்கிறது?

ஃபிட்னஸ் பேண்ட் வாங்கினால் எல்லோரும் முதலில் பார்ப்பது எத்தனை அடி நடந்தோம் என்பதைத்தான். அதற்கு முன்னால், அந்தக் கம்பெனிக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று கொஞ்சம் துருவிப் பாருங்கள். வூப் பேண்டுக்குத் தனி விலை கிடையாது, சந்தாவில்தான் வண்டி ஓடுகிறது. விரலில் போட்டு உடல்நிலையை அளக்கும் ஓரா மோதிரத்துக்கு விலையும் கொடுத்து மாதச் சந்தாவும் கட்ட வேண்டும். எரிச்சலாக இருந்தாலும் இது நேரடிக் கணக்கு. ஆப்பும் இலவசம், விளம்பரமும் வருகிறது என்றால்தான் கொஞ்சம் உஷாராக இருக்கணும்.

கம்பெனியே கைமாறலாம் என்பதையும் மறக்காதீர்கள். 2021-இல் ஃபிட்னஸ் பேண்ட் கம்பெனியான ஃபிட்பிட்டை கூகுள் வாங்கி முடித்தது, பேசிய விலை 210 கோடி டாலர். உடல்நலத் தகவலை விளம்பரத்துக்குத் தொடக்கூடாது என்று 10 ஆண்டு நிபந்தனை போட்டுத்தான் ஐரோப்பிய ஆணையம் ஒத்துக்கொண்டது, ஆனால் அது ஐரோப்பியப் பயனர்களுக்கு மட்டும். மற்ற பல நாட்டுக்காரர்கள் கூகுள் கொடுத்த வாக்கை நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, இப்போது போனை எடுங்கள். முதல் வேலை லொகேஷன். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஆப்பான ஸ்ட்ராவா 2017-இல் உலகம் முழுக்க மக்கள் ஓடிய பாதைகளை ஒரே வரைபடமாக வெளியிட்டது, பெயர் எதுவும் அதில் இல்லை, ஆனாலும் ஆளரவமற்ற பாலைவனத்தில் பளிச்சென்று தெரிந்த கோடுகளை வைத்து ராணுவ முகாம்களையே கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் வீடு எம்மாத்திரம்? தினமும் ஓட்டம் ஒரே வாசலில் தொடங்கி அங்கேயே முடிந்தால் முகவரியை நீங்களே எழுதி ஒட்டிய மாதிரிதான். ஸ்ட்ராவாவில் பிரைவசி கண்ட்ரோல்ஸுக்குள் மேப் விசிபிலிட்டிக்குப் போய், தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறையுங்கள். பக்கத்திலேயே, அந்த உலக வரைபடம் மாதிரியான மொத்தத் தொகுப்பில் உங்கள் ஓட்டத்தைச் சேர்க்கலாமா என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம், எந்தெந்த ஆப்புக்கெல்லாம் இணைப்புக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். என் பட்டியலில், எப்போதோ ஒரு வாரம் மட்டும் பயன்படுத்திய டயட் ஆப் ஒன்று இன்னமும் என் தூக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தது! உடனே வெட்டிவிட்டேன்.

பேண்டே வேண்டாம் என்று முடிவெடுத்தால் ஆப்பை அழிப்பது போதாது, தகவலெல்லாம் சர்வரில் அப்படியே கிடக்கும். முதலில் தகவலை டவுன்லோட் செய்யுங்கள், பிறகு கணக்கையே நீக்கக் கோரிக்கை கொடுங்கள், கடைசியாக ஆப்பைத் தூக்குங்கள்.