தாமரைக் குளம் பாக்கக் கூட்டமாப் போறனீங்களோ? உந்தப் பிழையளை விடாதேங்கோ

மாரி முடிஞ்சு தண்ணி தெளிஞ்ச கையோட வன்னியிலை சின்னக் குளங்கள் பூக்கத் தொடங்கும், உடன வட்ஸ்அப் குரூப்பிலை ஆரோ ஒருத்தர் ஒரு படத்தைப் போடுவார், "சனிக்கிழமை போவமோ" எண்டு துவங்கிக் கடைசியா ரெண்டு வான் நிறைய ஆக்கள் சேந்திடும். போறது நல்ல விசயந்தான், ஆனா முக்கால்வாசிப் பேர் போய்ச் சேரேக்க பூ கூம்பிப் போயிருக்கும், பிறகு "இந்த வரியம் பூவே இல்லை" எண்டு குளத்திலை பழி.

நேரத்தைப் பிழையாக் கணக்குப் போடுறதுதான் எல்லாத்திலும் பெரிய பிழை. எல்லாப் பூவும் ஒரே நேரத்துக்கு விரியும் எண்டு நினைக்கினம். அல்லி இரவுப் பூ, பொழுதுபட்டாப் பிறகு விரிஞ்சு காலமை ஒம்பது பத்துக்கிடையிலை சுருங்கீடும். தாமரை விடியப்புறத்திலை இதழ் விட்டு, வெயில் ஏற ஏற மத்தியானத்துக்குள்ளை மூடத் தொடங்கும். நீல அல்லி, 1986 இலை இலங்கையின்ரை தேசியப் பூவா அறிவிச்சது, அது வெயில் வந்தாப் பிறகுதான் ஆறுதலா விரியும். அப்ப ஆறரைக்குக் குளக்கட்டிலை நிண்டியளெண்டா முதல் அல்லி, பிறகு தாமரை, போற நேரம் நீலம் எண்டு மூண்டையும் பாக்கலாம். பத்தரைக்குப் போனா ஒண்டுதான் மிஞ்சும்.

யாழ்ப்பாணத்திலை இருந்து வாற குரூப்புகளுக்கு வேறை ஒரு வியாதி, ஏ9 ரோட்டாலை வந்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியிலை இறங்கித் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, தேத்தண்ணி குடிச்சு, ஒராளைக் காணேல்லை எண்டு தேடி, அவர் வர இன்னொராள் போய், அதிலயே முக்கால் மணித்தியாலம். பிள்ளையாரைக் கும்பிடாமப் போங்கோ எண்டு சொல்லேல்லை. கச்சானைத் திரும்பி வரேக்க வாங்குங்கோ.

அடுத்தது குளத்தைத் தெரிவு செய்யிறது. பேர் தெரிஞ்சது எண்டு இரணைமடுவுக்குப் போவினம். 2018 இலை புனரமைச்சு 36 அடிக்கு உயர்த்தின குளம் அது, உந்த ஆழத்திலை தாமரை எங்கை நிக்கிறது? அதுக்குச் சேறு வேணும், ஆள் ஆழத்துக்கு மேலை போனாக் கஷ்டம். ஊருக்குள்ளை இருக்கிற சின்னக் குளத்துக்குத்தான் போகவேணும், அதுவும் முதல் நாள் அங்கத்தைக் கமக்காரர் ஆரிட்டையும் ஒரு கோல் எடுத்துத் தண்ணி எப்பிடி எண்டு கேட்டிட்டு. பெருமழை பெஞ்சு மட்டம் திடீரெண்டு ஏறினா இலையெல்லாம் அமந்திடும், அந்தக் கிழமை போறதிலை பிரயோசனம் இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் கிட்ட வரேக்கையும் யோசிச்சுப் போங்கோ, கோயிலுக்கெண்டு மொட்டு முழுக்க ஆய்ஞ்சிடுவினம், அதிலை கோவிக்க ஒண்டும் இல்லை, பூ அதுக்குத்தானே.

போய் நிண்டாப் பிறகு விடுற பிழை, தூரத்திலை சிவப்பாத் தெரியிறதெல்லாத்தையும் தாமரை எண்டு படம் எடுக்கிறது. இலையைப் பாருங்கோ. தாமரை இலை தண்ணிக்கு மேலை எழும்பி நிக்கும், வெட்டு இல்லாமல் வட்டமா இருக்கும், அல்லி இலை தண்ணியோட ஒட்டிக் கிடக்கும், ஒரு பக்கம் பிளந்திருக்கும். அதோட எல்லாரும் ஆகப் பெரிசா விரிஞ்ச பூவையே தேடினம், அது பெரும்பாலும் மூண்டாம் நாள் பூ, அண்டைக்கோ அடுத்த நாளோ இதழ் கொட்டீடும். முதல் நாள் பூ பாதிதான் திறக்கும், உள்ளுக்கை காய் மஞ்சளா இருக்கும். ரெண்டாம் நாள் பூதான் பூ, கிண்ணம் மாதிரி நிக்கும், மணமும் நல்லா அடிக்கும். இன்னொண்டு தெரியுமோ, வெளியிலை எவ்வளவு குளிரெண்டாலும் இந்தப் பூ தனக்குள்ளை 30 இலை இருந்து 35 பாகை வரை சூட்டை வைச்சிருக்கும், வண்டுகளை இழுக்கத்தான்.

உதுக்காகத் தண்ணிக்கை இறங்காதேங்கோ. தண்டு முழுக்கச் சின்ன முள்ளு, காலைக் கீறும், கீறின காலோட சேத்துக்கை நிண்டா எலிக்காய்ச்சல் வாறது லேசு, 2024 டிசம்பரிலை யாழ்ப்பாணத்திலை அது பரவி ஆக்கள் செத்தது மறந்திருக்க மாட்டியள். முதலையும் இருக்கு, "இந்தக் குளத்திலை இல்லை" எண்டு சொல்லுறவர் அந்த ஊர்க்காரரோ எண்டு முதல் கேளுங்கோ. மீன்பிடிக்கிற அண்ணை வள்ளத்திலை ஏத்தினாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறவேண்டாம், ஏறினா எழும்பி நிண்டு செல்பி எடுக்கவும் வேண்டாம், அவர் போட்ட வலையை இழுத்துப் பாக்கிற விளையாட்டும் வேண்டாம்.

வானைக் குளக்கட்டிலை ஏத்தாதேங்கோ, திருப்பேலாது, கட்டும் பழுதாப் போகும், பிறகு கமக்காரரிட்டை பேச்சுத்தான். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் விடியப்புறத்திலை ஆனை நிக்கும், வெளிக்க முதல் பத்தைக்குள்ளாலை நடக்கவேண்டாம். கண்ணிவெடி இருக்கெண்டு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டா அதுக்கு அங்காலை ஒரு அடியும் வைக்கவேண்டாம், பூ எவ்வளவு வடிவா இருந்தாலும் சரி.

கடைசியா, ஊதாப் பூவோட குளத்தை மூடிக்கிடக்கிற ஆகாயத்தாமரை. இதழிலை மயில் கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும், படத்துக்கு வடிவுதான். அதிலை ரெண்டு செடியை ஷொப்பிங் பேக்கிலை போட்டு வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு போறவையைக் கண்டா எனக்கு விசர் வரும், அதைத் தடுக்க இலங்கையிலை 1909 இலயே சட்டம் போட்டவங்கள், ஒரு செடி காணும் ஒரு குளம் நிறைய. வீட்டிலை பூ வேணுமெண்டா காய்ஞ்ச தாமரைக் கொட்டை நாலைஞ்சு கேட்டு வாங்குங்கோ. கறுத்தக் கோதை ஒரு பக்கம் அரத்தாலை தேச்சு, உள்ளுக்கை வெள்ளை தெரியிற உடன நிப்பாட்டி, தண்ணியிலை போட்டு ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்துங்கோ, ஒண்டு ரெண்டு கிழமையிலை முளைக்கும்.